மாமனைப் பற்றி விசாரித்தது

எங்கள் சர்ச் சபையில் எந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும், பேச்சு ஓரளவு முற்றியதும் என்னிடம் வருவார்கள். பையனின் படிப்பு, சம்பளம், உயரம் எல்லாம் அவர்களுக்கே தெரிந்திருக்கும். ஆள் எப்படி என்பது மட்டும் தெரியாது. அதை விசாரித்துச் சொல்வது என் பொறுப்பு. கூலி கிடையாது, பஸ் டிக்கெட்டும் என் கைக்காசுதான். அரசு அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் ஃபைல் கட்டிய காலத்தில் கிடைக்காத மரியாதை, ஓய்வு பெற்ற பிறகு இதில் கிடைத்தது. மரியாதைக்கு ஆசைப்பட்டவன் பஸ் டிக்கெட் பார்க்கலாமா?

விசாரிப்பதற்கு ஒரு முறை உண்டு. சொந்தக்காரனிடம் கேட்கக் கூடாது, புகழ்வான். பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்கக் கூடாது, வேலித் தகராறு இருக்கும். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, முடிவெட்டும் கடை, இந்த மூன்றிலும் பேச்சோடு பேச்சாகப் பையன் பெயரை நழுவவிட வேண்டும். இப்போது நாலாவதாக ரீசார்ஜ் கடையும் சேர்ந்திருக்கிறது. ஒருவன் யாருக்குப் பணம் அனுப்புகிறான் என்பது அவன் மனைவியைவிட ரீசார்ஜ் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பையன், எல்லோரும் தங்கம் தங்கம் என்றார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் மட்டும், “கல்யாணமா? ரெண்டாவதுக்கா?” என்று கேட்டார். அன்றைக்குத் தப்பிய பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவளுடைய அப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு கேக் கொடுத்தனுப்புகிறார்.

இப்படி நாற்பது நாற்பத்தைந்து மாப்பிள்ளைகளை விசாரித்ததில் எனக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. ஊருக்குத் தெரியாத உள்விவரம் எங்கோ ஒரு ஆளிடம் இருக்கும், அந்த ஆளைப் பிடித்துவிட்டால் போதும் என்பதுதான் அது. இந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது. பேராசை என்று என் மனைவி சொல்கிறாள். அவள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

போன வருடம் என்னுடைய போனில் யாரோ என்னை ஒரு குழுவில் சேர்த்துவிட்டார்கள். கிரிக்கெட் குழு. அதை நடத்துகிறவருக்குப் பெயர் கிடையாது, ‘அண்ணன்’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அண்ணனுக்கு ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்குள்ளேயே ஆள் இருக்கிறதாம். எந்த அணி ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுகிறார்களாம். அந்த விவரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ரிப்போர்ட்’. எனக்குத் தனியாகவே ஒரு செய்தி வந்தது: “முதல் மூன்று ரிப்போர்ட் இலவசம். பணம் வைக்க வேண்டாம். பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். உள்ளே ஆள் இருக்கிறது என்றதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இருக்கும் ஆளை வைத்துப் பிழைப்பது என் தொழில் அல்லவா? ஆட்டோ ஸ்டாண்டில் நான் செய்வதை இவர் ஆடுகளத்தில் செய்கிறார் என்று பட்டது. ஒரு கலைஞனை இன்னொரு கலைஞன் மதிக்கத்தான் வேண்டும் என்று தோன்றியது.

மூன்று இலவச ரிப்போர்ட்டும் சரியாக வந்தன. எங்கேயோ ஒரு தீவில் நடந்த போட்டிகள் அவை. சிவப்புச் சட்டைக்காரர்களும் பச்சைச் சட்டைக்காரர்களும் ஆடினார்கள். அவர்களில் ஒருத்தன் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் மூன்றாவது நாள் சிவப்புச் சட்டை ஜெயித்தபோது, சொந்த மருமகன் ஜெயித்தது மாதிரி கைதட்டினேன். நாலாவது ரிப்போர்ட்டுக்குக் கட்டணம் கேட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனை: “யாரிடமும் சொல்லாதீர்கள். விஷயம் வெளியே போனால் எல்லாரும் அந்தப் பக்கமே பணம் வைப்பார்கள், லாபம் விழுந்துவிடும்.” இதுவும் எனக்கு நியாயமாகவே தெரிந்தது. நானும் மாப்பிள்ளை விவரத்தைப் பெண் வீட்டாரைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல மாட்டேனே.

இந்தப் பந்தயமெல்லாம் சட்டப்படி கூடாது என்பது தெரியும். ஆகவே மனைவிக்கும் தெரியக் கூடாது. பாஸ்புக்கை மாதம் ஒருமுறை வங்கிக்குக் கொண்டுபோய் வரி வரியாகப் படிக்கிறவள் அவள். அதனால் நான் ரொக்கத்தை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ரீசார்ஜ் கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் போனிலிருந்து அண்ணனுக்கு அனுப்பினார். பந்தயப் பணத்தையும் அவரே அனுப்பினார். என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது ரிப்போர்ட்டில் சிவப்புச் சட்டை தோற்றது. முக்கியமான ஆளுக்குக் கடைசி நேரத்தில் கால் பிசகிவிட்டது, அது நம் கையில் இல்லை, போனதை மீட்க ஸ்பெஷல் ரிப்போர்ட் இருக்கிறது, அதற்குக் கட்டணம் தனி என்று அண்ணன் எழுதினார். அந்த ஸ்பெஷலுக்கும் கட்டினேன். அதற்கப்புறம் கட்டியவற்றை எழுதினால் கை கூசுகிறது. கருங்கல்லில் ஒரு பையனுடைய முதல் கல்யாணத்தைத் தோண்டி எடுத்தவன், அண்ணன் எந்த ஊர், அப்பா யார், இதற்கு முன் எந்தக் கடையில் பாக்கி வைத்தார் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் என் அக்காள் மகளுக்கு மயிலாடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அத்தான் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அக்காளுக்கு இவள் ஒரே மகள், எனக்கு மருமகள் முறை, நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை, வயது இருபத்தொன்பது முடியப்போகிறது. இதற்கு முன் வந்த நாலைந்து சம்பந்தங்களும் ஏதாவது ஒன்றில் தட்டிப்போயின. இந்தப் பையன் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். அவனுடைய அப்பா சிற்பக்கூடங்களுக்குக் கல் ஏற்றிவரும் லாரிகள் வைத்திருப்பவர். பெண் பார்க்க வந்த அன்றே இருவருக்கும் பிடித்துவிட்டது. மருமகள் அவனிடம் நம்பர் கொடுத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அப்பா இல்லாத பெண், கல்யாணத்தன்று அவளைக் கைபிடித்து சர்ச்சில் ஆல்டருக்குக் கூட்டிப்போக வேண்டியவன் நான்தான். அன்றைக்குப் போடும் கோட்-சூட் எந்தத் துணியில் தைப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

வழக்கம்போல மயிலாடிக்குப் போய் விசாரித்தேன். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, முடிவெட்டும் கடை, ரீசார்ஜ் கடை, நாலிலும் பையனைப் பற்றி நல்ல சொல்தான். திரும்பி வந்து அக்காள் வீட்டில், “கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்” என்று சொன்னேன். அடுத்த வாரம் நிச்சயத்துக்குத் தேதி குறிக்கலாம் என்று இருந்தபோது அக்காள் போன் செய்தாள். குரலே சரியில்லை.

“ஏலே, மயிலாடிக்காரரு போன் பண்ணினாரு. இப்ப வேண்டாம்னு தோணுகுன்னு சொல்லுகாரு. என்னத்துக்குன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்காரு. எனக்க பிள்ளைக்கு என்னலே குறை? நீ ஒண்ணு போயி என்னன்னு விசாரிச்சிட்டு வா மக்கா.”

எனக்குக் கோபம் வந்தது. யாரோ பொறாமைக்காரன் மொட்டைப் போன் போட்டிருக்கிறான், அவனைக் கண்டுபிடித்து நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று அன்று காலையிலேயே வடசேரியில் பஸ் ஏறினேன். சுசீந்திரம் தாண்டும்போதே சந்தேகப்பட வேண்டியவர்கள் பட்டியல் தயாராகிவிட்டது. அதில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள்.

இந்தத் தடவை டீக்கடைக்குப் போகவில்லை, நேராகக் கல் இறக்கும் இடத்துக்கே போனேன். பையனின் அப்பா லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வேலைக்காரர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு, என்னைத் தகரக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் நாற்காலியில் படிந்திருந்த கல்தூசியைத் துண்டால் தட்டிப் போட்டார். அடுத்த கூடத்தில் உளிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

“எதுவானாலும் நேரா சொல்லுங்க அண்ணாச்சி. எங்க பிள்ளைய பத்தி எவன் என்ன சொன்னான்?” என்றேன்.

“உங்க மருமவளைப் பத்தி ஒரு குத்தமும் இல்ல. நல்ல பிள்ளையாக்கும். உங்க அக்காளைப் பத்தியும் ஒண்ணும் இல்ல.”

“பின்ன?”

அவர் தரையைப் பார்த்தார். “உங்களைப் பத்தித்தான்.”

அவர்களும் ஒரு ஆளை அனுப்பி விசாரித்திருக்கிறார்கள். நாம் விசாரிக்கும்போது எதிர்ப்பக்கமும் விசாரிக்கும் என்பது எனக்கு ஏனோ தோன்றியதே இல்லை. அந்த ஆள் போனது வடசேரி ரீசார்ஜ் கடைக்கு. “தங்கமான குடும்பமாக்கும். அந்த மாமன்தான் கிரிக்கெட்டுப் பந்தயத்துக்கு யாருக்கோ பணம் கட்டிட்டே இருக்காரு” என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்காத அந்த நல்ல மனிதர்தான்.

காது இரண்டும் சுட்டது. தப்பு செய்தவனுக்கு வரும் குருட்டுக் கோபம் வந்தது. “ஊர்ல எவன் வைக்கல? நானென்ன கொலையா செஞ்சேன்? தகப்பனில்லாத பிள்ளைக்க கல்யாணத்தைக் கெடுக்க இது ஒரு காரணமா?” என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. “ஒரு குடும்பத்துக்கு ஒருத்தன் போதும்னு நெனச்சேன் சார். எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தன் உண்டு.”

“யாரு, பையனா?” என்றேன். நாலு இடத்தில் விசாரித்தும் தவறிவிட்டதா?

“அவனில்ல. நானாக்கும்.”

தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். நானும் வைத்தேன். இரண்டு போனிலும் அதே அண்ணன், அதே கும்பிடு படம், “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்ற அதே வரி. கல்யாணத்தில் சம்பந்திகள் வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொள்வார்கள், நாங்கள் போனை மாற்றிக்கொண்டு படித்தோம். அவருக்கும் முதல் மூன்று ரிப்போர்ட் சரியாக வந்திருந்தன. நாலாவதற்குக் கட்டணம் கட்டியிருந்தார். எந்த ஆட்டம் என்று பார்த்தேன். எனக்கு வந்த அதே தீவு, அதே நாள், அதே ஆட்டம். எனக்குச் சிவப்பு ஜெயிக்கும் என்று எழுதிய அண்ணன், அதே மணிக்கு அவருக்குப் பச்சை ஜெயிக்கும் என்று எழுதியிருந்தார்.

இரண்டு பேரும் அந்த வரிகளை மறுபடி படித்தோம். பிறகு அவர்தான் கேட்டார்: “அப்ப உள்ளே இருந்த ஆளு?”

உள்ளேயும் ஆள் இல்லை, வெளியேயும் ஆள் இல்லை. பாதிப் பேருக்குச் சிவப்பு என்று அனுப்பு, மீதிப் பேருக்குப் பச்சை என்று அனுப்பு. பொய்த்துப்போன பாதி திட்டிவிட்டுப் போய்விடும். பலித்த பாதியை மறுபடி இரண்டாகப் பிரி. மூன்று தடவை சலித்த பிறகு சல்லடையில் தங்கும் மடையர்களுக்கு அண்ணன் தெய்வமாகத் தெரிவார். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். அந்தக் குழுவில் இருக்கும் இரண்டு பேர் ஒரு நிமிடம் வாய்விட்டுப் பேசியிருந்தால் போதும். அதனால்தான் பேசாதே என்றான். அவனுடைய மொத்த முதலீடும் எங்களுடைய மானம்தான். அதை நாங்களே அவனுக்காகப் பூட்டிக் காவல் காத்திருக்கிறோம்.

“நாலாவது ஆட்டத்துல எனக்கு ஜெயிச்சுது. அதுக்குப் பொறவுதான் மொத்தமும் போச்சு” என்றார் அவர். அந்த நிலையிலும் எனக்கு ஒரு நொடி பொறாமை வந்தது.

கிளம்பும்போது லாரி வரைக்கும் கூட வந்தார். “இப்ப அக்காகிட்ட என்னன்னு சொல்லப்போறிய?” என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி நடந்தேன்.

சொல்ல இரண்டு வழிதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் என் மானம் போகும். பொய்யைச் சொன்னால் மருமகளின் கல்யாணம் போகும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பஸ்ஸில் வரும்போது நான் யோசித்தது பொய்களைத்தான். அவர்களுக்கு இதைவிடப் பெரிய இடம் வந்துவிட்டது. பையனுக்கு வெளிநாட்டு யோசனை. பையனின் அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி, நமக்கு ஒத்துவராது. ஒன்றைவிட ஒன்று அருமையாக வந்தது. நாற்பது மாப்பிள்ளை விசாரித்தவன் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நடுவில் போன் ஒலித்தது. “இழந்ததை மீட்கக் கடைசி வாய்ப்பு. இன்று நூறு சதவீத ரிப்போர்ட்” என்று அண்ணன் எழுதியிருந்தார். எல்லாம் தெரிந்த பிறகும், எந்த ஆட்டத்துக்கு என்று திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டு என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

அன்று தலைவலி என்று சொல்லி அக்காள் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் போனேன். அக்காள் கட்டிலில் இருந்தாள், மருமகள் வேலை முடிந்து வந்து அடுக்களைப் படியில் நின்றாள். என் மனைவியும் எனக்கு முன்னாலேயே அங்கே வந்திருந்தாள். இவள் எதற்கு இங்கே என்று ஒரு விசாரணைக்காரனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை, வாய்க்குள் மூன்றாவது பொய்யை மெருகேற்றிக்கொண்டிருந்தேன்.

“என்னலே, விசாரிச்சியா?” என்றாள் அக்காள்.

மருமகளைப் பார்த்தேன். லேப் கோட்டைக்கூட மாற்றாமல் நின்றிருந்தாள். கண் தூங்கியிருக்கவில்லை. அப்பா செத்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம். மெருகேற்றிய பொய்யை அப்படியே விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது ஒரு விதம்தான். நாற்பது வீட்டில் எப்படி நின்று விவரம் சொல்வேனோ அதே மாதிரி நின்றேன். “விசாரிச்சேன். ஆளுக்கு வயசு அறுபது. கெவர்மெண்டு வேலை பார்த்து ரிட்டயர்டு. சபையில நல்ல பேரு. குடி, வெத்தில ஒண்ணும் கிடையாது” என்று தொடங்கினேன். “ஆனா ஒரு வருசமா கிரிக்கெட்டுப் பந்தயத்துல பணம் விடுகாரு. எவனோ உள்விவரம் சொல்லுகான்னு நம்பி, வீட்டுக்குத் தெரியாம ரீசார்ஜ் கடையில குடுத்து அனுப்புகாரு. மயிலாடிக்காரங்க வேண்டாம்னு சொன்னது அந்த ஆளாலதான். பிள்ளையால இல்ல.” எவ்வளவு போயிற்று என்பதையும் சொன்னேன். என் மனைவி முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். மயிலாடிக்காரர் தன்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை, அது அவர் சொல்ல வேண்டியது.

சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அக்காள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. என் மனைவி கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. மருமகள்தான் பேசினாள்.

“எல்லாம் தெரியும் மாமா. மயிலாடி மாமா நேத்தே அவங்க வீட்டுல எல்லார் முன்னாலயும் சொல்லியாச்சு. அவரைப் பத்தியும், உங்களைப் பத்தியும். ராத்திரியே எனக்கு போன் வந்துட்டு. கல்யாணம் நடக்கும், வார ஞாயிற்றுக்கிழமை தேதி குறிக்க வாறாங்க.”

எனக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. “தெரிஞ்சுமா என்னை இவ்வளவு நேரம் நிக்கவச்சு வேர்க்க வச்சிய? மொதல்லயே சொல்லியிருந்தா என்ன?”

“என்னைக் கையைப் பிடிச்சு ஆல்டருக்குக் கூட்டிட்டுப் போகப்போற ஆளு எப்படின்னு நானும் விசாரிக்கண்டாமா?” என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. நான் அக்காளைப் பார்த்தேன். “நீ வேற எதாம் சொல்லி மழுப்பியிருந்தா, நானே கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணியாச்சுலே” என்றாள் அக்காள். அந்த மூன்றாவது பொய் எந்த அளவுக்கு நாக்கு நுனியில் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. இப்போதும் நான் சொல்லவில்லை.

மருமகள் வந்து என் முன்னால் கையை நீட்டினாள். “போனைத் தாருங்க. அந்தக் குழுவை எடுத்துவிடுகேன்.”

கொடுத்தேன். உடனே கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அன்றைய ஆட்டம் தொடங்க அரைமணி நேரம்தான் இருந்தது, அவள் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தேன்.